விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும் விளையாட்டுக் கணினிகள்: தடையாக இருப்பது எது?

திருவனந்தபுரம்: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இதனால், நல்ல கிராபிக்ஸ் கார்டுடன் குறையின்றி இயங்கும் விளையாட்டுக் கணினிகள் பலவும் திடீரெனப் பழையவை ஆகிவிட்டன. அவற்றை வைத்திருப்போருக்கு உள்ள ஒரு வழி, கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ்.

கேரளத் தலைநகருக்கு லினக்ஸ் புதிதல்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது இந்நகரில்தான். மாநில அரசு 2011-இல் நிறுவிய 'ஐசிஃபாஸ்' மையமும் இங்கு உள்ளது. அரசுப் பள்ளிகளுக்கான 'கைட்' நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனது இயங்குதளத்தை வெளியிட்டு வருகிறது. 'லிட்டில் கைட்ஸ்' மன்ற மாணவர்கள் ஸ்கிராட்ச் மூலம் சிறு விளையாட்டுகளை உருவாக்கவும் பழகுகின்றனர். எனினும், வகுப்பறையில் லினக்ஸில் பயின்ற மாணவர் வீட்டில் பெரிய விளையாட்டுகளை ஆட நீண்ட காலம் விண்டோஸையே நாட வேண்டியிருந்தது.

காரணம் எளிது. பெரும்பாலான கணினி விளையாட்டுகள் விண்டோஸின் 'டைரக்ட்எக்ஸ்' தொழில்நுட்பத்தை நம்பி எழுதப்பட்டவை. 'ஸ்டீம்' விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட 'புரோட்டான்' மென்பொருள் இந்நிலையை மாற்றியது. விளையாட்டு விடுக்கும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, லினக்ஸ் அறிந்த 'வல்கன்' கட்டளைகளாக அது உடனுக்குடன் மாற்றித் தருகிறது. அதே நிறுவனம் 2022-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' கைக்கருவி முழுவதும் லினக்ஸிலேயே இயங்குவதால், இம்முயற்சி பொழுதுபோக்காளர்களின் பரிசோதனை என்ற நிலையைக் கடந்துவிட்டது. இன்று தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன.

சிக்கல் இணையவழிப் போட்டிகளில்தான். ஆட்டத்தில் மோசடியைக் கண்டறியும் மென்பொருள்கள் சில, விண்டோஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சென்று கண்காணிப்பவை. 'வலோரண்ட்' பயன்படுத்தும் 'வேன்கார்ட்' அத்தகையது. எனவே அந்த ஆட்டம் லினக்ஸில் இயங்காது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டும் அவ்வாறே. வேறு சில இடங்களில் தடை, தொழில்நுட்பத்தைவிட நிறுவனத்தின் முடிவைச் சார்ந்தது. 'பேட்டில்ஐ', 'ஈஸி ஆன்டி-சீட்' ஆகியவை 2021 முதலே புரோட்டானுக்கு இடமளிக்கின்றன. அதை அனுமதிப்பதா என்பதை விளையாட்டைத் தயாரித்தவரே தீர்மானிக்கிறார். லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2024 அக்டோபர் 31-இல் அங்கு முடக்கப்பட்டது. மோசடிக்காரர்கள் லினக்ஸைப் பயன்படுத்துவதாக அதன் வெளியீட்டாளர் காரணம் கூறினார். மாறாக, 'கவுன்டர்-ஸ்டிரைக் 2', 'டோட்டா 2' ஆகியவற்றுக்கு நேரடி லினக்ஸ் பதிப்புகளே உண்டு.

ஆகவே, கணினியின் திறனைப் பார்ப்பதற்கு முன், தாம் அன்றாடம் ஆடும் விளையாட்டுகளின் பட்டியலைப் பார்ப்பதே நல்லது. ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்குகிறது எனப் பயனர்கள் பதிவு செய்யும் 'புரோட்டான்டிபி' தளம் இதற்கு உதவும்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஏஎம்டி கார்டுகளுக்கான இயக்கிகள் லினக்ஸுடனேயே வருகின்றன. என்விடியா கார்டுகளுக்கு அந்நிறுவனத்தின் இயக்கியைத் தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். விண்டோஸின் 'என்டிஎஃப்எஸ்' வட்டில் உள்ள விளையாட்டுகளை அப்படியே லினக்ஸில் இயக்க முயல்வது அடிக்கடி கோளாறில் முடிகிறது. லினக்ஸ் வட்டில் மீண்டும் பதிவிறக்குவதே மேல். நிறுவும்போது தவறான வட்டைத் தேர்ந்தெடுத்தால் அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், புகைப்படங்களையும் ஆவணங்களையும் முன்னதாகவே வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். 'வலோரண்ட்' போன்றவற்றை விட முடியாதவர்கள், லினக்ஸைத் தனி எஸ்எஸ்டியில் நிறுவி, விண்டோஸைத் தொடாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆதரவு முடிந்த விண்டோஸில் வங்கிக் கணக்குகளைத் திறக்காதிருப்பது நல்லது.