கடைமடைக்குப் போகும் ரப்பர்

வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் பேருந்தில் தெற்கே போகிறவர்கள், பனையும் உடைமரமும் காற்றாலைகளும் நிறைந்த வறண்ட பூமியைக் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய சிறிது நேரத்திற்கெல்லாம் காற்றின் சுபாவமே மாறிவிடுவதை உணர்வார்கள். அங்கிருந்து மேற்கே மலையடிவாரம் போனால், கீரிப்பாறையிலும் மணலோடையிலும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. நட்டு ஏறக்குறைய 7 ஆண்டுகள் காத்திருந்த பிறகே பால் தரத் தொடங்கும் அம்மரங்களின் பட்டையைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் அதிகாலையில் சீவ, சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் சேருகிற பால்தான் ரப்பராகிறது. இவ்வளவு காலமும் உழைப்பும் கொண்டு விளைந்த வஸ்து, கடைசியில் ஒரு பட்டறையின் அச்சுக்குள் அரை நிமிஷத்துப் பிசகினால் குப்பைக்குப் போவது எனக்கு எப்போதும் மனவேதனை தருகிற காரியம்.

ஏனெனில் ரப்பரை மறுபடி உருக்கி வார்க்க முடியாது. 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதிப்படுவதைக் கண்டார். பஞ்சர் கடைப் பலகையில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். நீண்ட சங்கிலிகளான ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே முடிச்சிட்டுப் பிணைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் அது கருகுமேயன்றி உருகாது.

பிளாஸ்டிக்கை உருக்கிக் குளிர்ந்த அச்சில் செலுத்துகிறோம். ரப்பருக்கோ முறை நேர்மாறு. கரிப்பொடி, எண்ணெய், கந்தகம் முதலியவை சேர்த்துப் பிசைந்த கலவையை 80 டிகிரி செல்சியஸ் அளவில் இளக வைத்து, 170, 180 டிகிரி சூட்டிலிருக்கும் எஃகு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்த, அங்கேயே அது வேகிறது. வேகும் வேகமோ, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

ஓர் அச்சில் எட்டுக் குழிகள் இருப்பதாகவும், ஒரே வாயிலிருந்து கிளைக்கும் வழிகளில் ரப்பர் அவற்றுக்குப் பாய்வதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நேரும் என்பதைத் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை: தலைமடை நிரம்பி வழிகையில் கடைமடை இன்னும் தாகத்தோடு இருக்கும். தலைமடைக் குழியில் ரப்பர் அச்சின் இடுக்குகளில் பிதுங்கிப் பிசிறாகிறது. கடைமடைக் குழி குறையாக நிற்கிறது. வாய்க்கால் தண்ணீருக்கு இல்லாத விபரீதம் ஒன்று இங்கே உண்டு. குறுகிய வழியில் நெருக்குண்டு ஓடுகிற ரப்பர் தன் உராய்வினாலேயே 20, 30 டிகிரி சூடேறி, சேர வேண்டிய இடம் சேருமுன்னே இறுகத் தொடங்கிவிடலாம். பட்டறையில் இதை ‘ஸ்கார்ச்’ என்பார்கள்.

முன்பெல்லாம் அச்சை வெட்டி, வார்த்துப் பார்த்து, பிழை கண்டு, மீண்டும் எஃகைச் செதுக்கினார்கள். இன்று அந்த ஒத்திகை கணினிக்குள் நடக்கிறது. அச்சின் உள்வெளியைப் பல்லாயிரம் நுண்ணிய துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அழுத்தம், வேகம், சூடு, வெந்த அளவு ஆகியவற்றைக் கணந்தோறும் கணக்கிடுவதே அதன் முறை. இப்படித் துண்டங்களாகப் பகுத்துக் கணக்கிடும் ஒரு வழிக்கு 1960-ல் ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயர் சூட்டினார். 1978-ல் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் தொடங்கிய மோல்ட்ஃப்ளோ நிறுவனம் பிளாஸ்டிக் வார்ப்புக்குக் கணினியைத் துணைசேர்த்தது. ரப்பருக்கு, ஓட்டத்தோடு வேக்காட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. எந்த மூலையில் காற்று சிக்கும், எந்த மடையை எவ்வளவு அகலப்படுத்தினால் எட்டுக் குழியும் ஒருசேர நிரம்பும் என்பதெல்லாம் எஃகில் கைவைக்குமுன்பே திரையில் தெரிந்துவிடுகின்றன.

இந்தக் கணினி ஒத்திகையின் பெரும் பிரயோஜனம் தடித்த உருப்படிகளில் விளங்கும். சரியாக வேகாத எஞ்சின் புஷ் ஒன்றைப் பிளந்து பாருங்கள்: அவசரத்தில் இறக்கிய கொழுக்கட்டைபோல, வெளியே நேர்த்தியாக வெந்திருக்க, நடுவில் நுண்துளைகள் நிறைந்து பிசுபிசுக்கும். எஃகோடு ஒப்பிட்டால் ரப்பர் நூற்றில் ஒரு பங்குகூடச் சூட்டைக் கடத்தாது. தடிமன் இரட்டித்தால் சூடு நடுவுக்கு எட்டும் நேரம் நான்கு மடங்காகும். இதற்கு அஞ்சி அனாவசியமாக நெடுநேரம் வைத்தால் மேற்புறம் கெட்டு, மின்சாரமும் வீணாகும். அச்சிலிருந்து எடுத்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டால் நடுப்பகுதி சிறிது நேரம் வெந்துகொண்டே இருப்பதைக் கணினி கணக்கில் கொள்வதால், எத்தனையாவது விநாடியில் அச்சைத் திறக்கலாம் என்று நிர்ணயிக்க முடிகிறது.

ஆனால் நாம் கொடுத்த குணங்களைத்தான் கணினி அறியும். பட்டறைக்குப் பட்டறை கலவை வேறுபடும்; இயற்கை ரப்பரோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். வேறொருவர் கலவையின் அளவுகளை இட்டுப் பெற்ற வண்ணப்படம் பார்க்க அழகாயிருக்கும், பயன்படாது. ஆகையால் வள்ளியூர்ப் பக்கத்தில் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள்: திரைமுன் அமருமுன், நீங்கள் வார்க்கப்போகும் கலவையில் ஒரு துண்டை, வேக்காட்டை அளக்கும் ரியோமீட்டர் என்ற கருவியில் வைத்து, அது எத்தனை நிமிஷத்தில் இறுகத் தொடங்குகிறது, எத்தனை நிமிஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேகிறது என்பதை உங்கள் கையாலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.