தேர்வு எழுதலாம், ஆயுளை எழுதிக்கொடுக்க வேண்டாம்

2024 ஜனவரியில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது இருந்த பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அதாவது, ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 320 பேர். பின்னர் இடங்கள் 9,000-ஐத் தாண்டின; அப்போதும் ஓர் இடத்துக்கு 200 பேருக்கு மேல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற இந்தப் பணிகளுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். ஆனால் பொறியியல் படித்தவர்களும் முதுகலைப் பட்டதாரிகளும் வரிசையில் நிற்கிறார்கள். முடிவு வந்த பிறகு பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் வீடு கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கக் கூடாதா?" இந்தக் கேள்வியில் நியாயமில்லை.

தேர்வு நடக்கும் விதத்தைப் பாருங்கள். மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகள் கணக்கிலேயே வராது. ஓ.எம்.ஆர். தாளில் நான்கு விடைகளுக்கு அடுத்து ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. விடை தெரியாவிட்டால் அதைக் கறுப்பாக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமான போட்டியில், கட்-ஆஃப் ஓரத்தில் நிற்பவரின் தலைவிதியை ஒரே கேள்வியின் ஒன்றரை மதிப்பெண் மாற்றிவிடும். 20 லட்சம் பேரும் இரண்டு மடங்கு உழைத்தாலும் ஓர் இடம்கூடக் கூடப்போவதில்லை; கட்-ஆஃப்தான் ஏறும். யாருக்கு வேலை என்பதில் உழைப்புக்குப் பங்குண்டு. எத்தனை பேருக்கு வேலை என்பதை அரசின் காலியிடக் கணக்கே தீர்மானிக்கிறது. அப்படியிருக்க, கிடைக்காதவரைச் சோம்பேறி என்றோ உதவாக்கரை என்றோ சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

"அப்படியானால் அரசு வேலைக்கு ஆசைப்படுவதே தவறா?" என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், முதலாளியின் மனநிலையைப் பார்த்துப் பிழைக்க வேண்டாத பாதுகாப்பு, ஊரில் மரியாதை ஆகியவை சாதாரண ஆசைகள் அல்ல. தலைமுறைகளாக ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு இடஒதுக்கீட்டின் வழியே கிடைத்த ஓர் அரசு வேலை, வாழ்க்கையையே திருப்பிப் போட்டிருக்கிறது. தனியாரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத வேலைகள் மலிந்திருக்கும்வரை இந்தக் கூட்டம் குறையாது. அந்த வேலைகளைச் சீராக்குவது அரசின் கடமை. "வெளியிலும் போட்டி இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. உண்டு. ஆனால் அங்கே ஒருவர் வயரிங் வேலையையோ கணக்கு எழுதுவதையோ செம்மையாகக் கற்றால், அந்தத் திறமை அவரிடமே தங்கும். ஓரிடத்தில் வாய்ப்புத் தவறினால் வேறிடத்தில் சோறு போடும்.

குடிமைப் பணித் தேர்வைப் பொதுப்பிரிவினர் ஆறு முறைதான் எழுத முடியும். குரூப் 4 தேர்வுக்கு அப்படி எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. எனவே தேர்வு எழுதுகிறவரே எல்லைக்கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்: இத்தனை ஆண்டு, இத்தனை முறை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. படிக்கும் காலத்திலேயே வருமானம் தரும் வேலை ஒன்றில் கால் ஊன்றிவிட வேண்டும். அந்த எல்லை வந்து ஒருவர் வேறு வேலைக்குப் போனால், வீட்டார் அதைத் தோல்வி என்று பேசக் கூடாது. சொந்த உழைப்பில் குடும்பத்தை நடத்துகிறவர் எவரும் தோற்றவர் அல்லர்.