காரை வீடும் கடல் காற்றும்!

ராமேஸ்வரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் 22 தீர்த்தங்களில் குளித்து, பாவத்தைத் தொலைத்துவிட்டுப் போவார்கள். இங்கேயே வீடு வைத்திருப்பவர்கள் தொலைப்பது வேறு... கீல், நாதாங்கி, ஜன்னல் கம்பி, குழாயின் பளபளப்பு!

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி... எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ, முதல் குழந்தைக்குக் காது குத்துவதற்குள் காலில் துருப்பிடித்துவிடும். அவ்வளவு உப்பு நம் காற்றில்!

சந்தேகமிருந்தால் பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தே ஆட்கள் ஓய்ந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சு என்று ஏகப்பட்ட முன்ஜாக்கிரதை. காரைக்குடி 'சிக்ரி' விஞ்ஞானிகளோ, எந்த உலோகம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்து, உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். கருவாடு காயப்போடும் ஊரில் இரும்பைக் காயப்போட்டவர்கள் அவர்கள்!

கோடிக்கணக்கில் செலவழிக்கும் ரயில்வேக்கே இந்தப் பாடு. ரிட்டயர்மென்ட் பணத்தில் நாலு லட்சத்தைத் தனியாக எடுத்துவைத்து, தாத்தா கட்டிய வீட்டைச் சரிபண்ண நினைக்கும் மனுஷன் என்ன செய்வது?

நான் படித்தது பி.காம். சிமென்ட் கலவையைவிட பேலன்ஸ் ஷீட் கொஞ்சம் நன்றாக வரும். அதனால் இந்த விஷயத்தை 'தேய்மானம்' என்கிற ஒரே வார்த்தையில் பிடிக்கிறேன்.

ஐம்பது ரூபாய் கீலின் விலை என்ன?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கீல் 50 ரூபாய். பித்தளைக் கீல் 300 ரூபாய். உப்புக்காற்றில் இரும்பு மூன்று வருஷம் தாங்கினால், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 17 ரூபாய். பித்தளை முப்பது வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 10 ரூபாய். எது மலிவு?

இன்னும் முடியவில்லை. இரும்புக் கீலை மாற்ற ஒவ்வொரு தடவையும் ஆசாரி வர வேண்டும். அவருக்குக் கூலி, டீ, 'மரமும் உளுத்திருக்கே' என்று அவர் சொல்லும் கூடுதல் சமாசாரம்... எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பது ரூபாய் கீல், வீட்டிலேயே விலை உசந்த சாமானாகிவிடும்!

இதிலிருந்து கிடைக்கிற விதி ரொம்ப எளிது: *சுவரை உடைத்து எடுக்க வேண்டிய சாமான் எதுவோ, அதை உசத்தியாக வாங்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாட்டக்கூடியதை மலிவாக வாங்குங்கள்.* நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சுவருக்குள் போவது மட்டம். விருந்தாளி கண்ணில் படுவது உசத்தி!

பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

ஆனால், கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் சொத்து என்ன என்று ஒரு லிஸ்ட் எடுங்கள்.

நம் பக்கத்துப் பழைய காரை வீடு என்றால் சுண்ணாம்புக் காரைச் சுவர், பனஞ்சட்டம் அல்லது தேக்குச் சட்டம், அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய கூரை, ரெட் ஆக்ஸைடு தரை, பித்தளைக் குமிழ் வைத்த கதவு இருக்கும். அதன் மதிப்பு தெரிய வேண்டுமா? அப்துல் கலாம் பிறந்த வீட்டைப் பாருங்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக்கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடு என்று அவரே 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் தெருவில் அந்த வீட்டுக்குள் இன்று கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய் வருகிறார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயல் அழித்த தனுஷ்கோடியிலும், கூரை போன பிறகும் சர்ச்சின் சுவர்கள் நிற்கின்றன. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய 18-ம் நூற்றாண்டு ஓவியங்களை இன்றும் பார்க்கலாம்.

இவற்றிலெல்லாம் பொதுவான ஒன்று சுண்ணாம்பு. இரும்புக்கு இருக்கிற துரு வியாதி இதற்குக் கிடையாது. தவிர, சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஓதத்தைக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, புட்டி வைத்து, எமல்ஷன் அடித்தால் மூச்சை அடைத்த மாதிரி. உள்ளே மாட்டிய ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பெயின்ட்டுக்குப் பின்னால் பொரிய ஆரம்பிக்கும். ஆறே மாதத்தில் சுவர் அப்பளம்!

''ஓதம் தெரியாம இருக்க நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிடலாம்ணே'' என்பார்கள். ஒட்டினால் ஓதம் போகாது. வெளியேற வழி தேடி அஞ்சடிக்கு ஏறும், அவ்வளவுதான்.

ஆகவே உப்பு பூத்த இடத்தில் மட்டும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையையே திரும்பப் பூசுங்கள். சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்து வேலை செய்யத் தெரிந்த பெரிய கொத்தனார் யாராவது சுற்றுவட்டாரத்தில் இருப்பார். கூலி கூடத்தான் கேட்பார். ஆனால் வீடு பூராவுமா பூசப்போகிறீர்கள்? இடுப்பு உயரம் வரைக்கும்தானே! மேலே வெள்ளையடித்தால் போதும். மீதமாகும் எமல்ஷன் காசு வரவில் ஏறட்டும்.

சில வீட்டுச் சுவர்களில் பவளக்கல்லே இருக்கும். அதை அப்படியே விடுங்கள். 'புதுசாகக் கொண்டுவந்து தருகிறேன்' என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு!

ரெட் ஆக்ஸைடு தரையில் விரிசல் நாலைந்துதான் என்றால் அடைத்துவிட்டுத் தேய்த்து மெழுகு போடச் சொல்லுங்கள். பழைய பித்தளைத் தாழ்ப்பாளையும் குமிழையும் புளி போட்டுத் தேய்த்தால் பொன்னாகும். அதைப் போய்ப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு, முலாம் பூசிய புதுத் தாழ்ப்பாள் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

முதல் செலவு தலைக்கு மேலே!

நம் ஊர் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. தாத்தா கட்டிய காரைக் கட்டு கம்பீரமாக நிற்கும். அப்பா பின்னால் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் அறை, அதன் வயசில் பாதிகூட ஆகாமல் உதிர ஆரம்பித்திருக்கும்!

காரணம், உள்ளே இருக்கும் கம்பி. உப்பு மெதுவாக கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருக்கும். பருத்தால், மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். சீலிங்கில் கம்பி ஓடும் நேர்க்கோட்டில் விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் அது எச்சரிக்கை மணி.

இந்த இடத்தில்தான் ஒரு வசனம் வரும். ''மேலாக ஒரு கோட் பூசிவிட்டா தெரியாது ஸார்!''

வாஸ்தவம், தெரியாது. விழும்போதுதான் தெரியும். கீழே தொட்டிலோ, பாட்டியின் கட்டிலோ இருந்தால்?

குழாய், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அப்புறம். நாலு லட்சத்தில் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும். ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வாங்கும் ஃபீஸ் தெண்டமில்லை. தட்டினால் 'டொப்' என்று சத்தம் வரும் கான்கிரீட்டை எல்லாம் உதிர்த்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்துபோனதற்கு மாற்றுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசி, அப்புறம்தான் மூட வேண்டும்.

புதிதாக ஸ்லாப் போடுகிறீர்களா? இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, உள்நாட்டில் வெயில் மழை படாத இடத்தில் கம்பிக்குமேல் 20 மி.மீ. கான்கிரீட் மூடினால் போதும் என்கிறது. கடலோரத்துக்கு 45 மி.மீ., அலைத்துளி தெறிக்கும் இடத்துக்கு 50 மி.மீ. கேட்கிறது. கம்பி கட்டும் நாளில் கையில் ஓர் அளவுகோலோடு நில்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் ஆளை மாற்றுங்கள்!

தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது அதே விதி. கொல்லைக் கிணற்றில் வாயில் வைக்க முடியாத தண்ணீர் என்றால் கலவைக்கும் அது வேண்டாம். லாரித் தண்ணீருக்குச் செலவழியுங்கள். கடற்கரை மணல்? மூச்! அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சுவருக்குள்ளே தாராளம்

அடுத்து பைப். பழைய ஜி.ஐ. பைப் எத்தனை மீட்டர் ஓடினாலும் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள். பி.வி.சி., ஹீட்டர் இருந்தால் சி.பி.வி.சி. துருவே கிடையாது. சுவருக்குள் புதைக்கிற வால்வு மட்டும் கெட்டியான பித்தளையில் இருக்கட்டும்.

வயரிங்கில் சிக்கனமே வேண்டாம். உப்பு ஈரம் கரன்ட்டை சுவரில் நடமாட விடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை வயர், பி.வி.சி. குழாய், சரியான எர்த், கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. கசிவு வந்தால் கண் இமைப்பதற்குள் கரன்ட்டை வெட்டிவிடும். ஒரு ஸோபா விலையில் நாலு உயிருக்குக் காவல்!

சுவருக்கு வெளியே சிக்கனம்

இனிமேல் தாராளமாகக் கஞ்சத்தனம் பண்ணலாம். கொல்லைக் குழாய்க்கும் பாத்ரூம் குழாய்க்கும் நல்ல பிளாஸ்டிக் குழாய் போதும். பளபளப்பு போனால் என்ன, பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஷவர் மிக்ஸர் மோகம் வேண்டாம். கெட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும். ஸ்விட்ச், லைட் எல்லாம் நடுத்தர ரகம். புது டைல்ஸ் பாத்ரூமுக்கு மட்டும். அதுவும் வழுக்காத ரகம். ஆத்தங்குடிக் கல் ஆசையா? முன் ஹாலோடு நிறுத்துங்கள்.

ஜன்னலுக்குப் பழைய மரச்சட்டம் உறுதியாக இருந்தால் அதுவே போதும். உளுத்துப்போயிருந்தால் யு.பி.வி.சி. பாருங்கள். 'எவர்சில்வர் கிரில் போட்டுட்டா கவலை இல்லை' என்று நினைக்காதீர்கள். பேரில்தான் 'எவர்'! 202 ரகம் நம் காற்றில் சீக்கிரமே கறுத்துப் புள்ளி விழும். 304 தேவலை. கடலைப் பார்த்த வாசல் என்றால், மாலிப்டினம் சேர்த்த 316தான் சரி. காந்தம் வைத்துப் பார்ப்பது பிரயோஜனமில்லை; 202, 304 இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு குட்டி விஷயம்: ஸ்க்ரூ. முந்நூறு ரூபாய் பித்தளைக் கீலை வாங்கிவிட்டு, அதற்கு இரும்பு ஸ்க்ரூ போடுகிறார்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் இரும்புதான் பலியாகும். தனியாக இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடித்து, கீல் அப்படியே கையோடு வரும். பித்தளைக்குப் பித்தளை ஸ்க்ரூ! மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே வசதியில் இருந்தால்தான் உறவு நிலைக்கும்.

ஆக, நாலு லட்சத்துக்கு வரிசை இது: முதலில் தலைக்கு மேலே, அடுத்து சுவருக்குள்ளே, கடைசியில் கண்ணுக்கு எதிரே. பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்துவையுங்கள். எந்தப் பழைய வீட்டையும் தட்டினால் புதுச் செலவு ஒன்று வெளியே வரும்.

வேலை முடிந்ததும் நாத்தனார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ''என்ன மதினி, நாலு லட்சம் போட்டீகளாமே, ஒண்ணும் தெரியலையே?'' என்று கேட்டால் முகம் சுண்டாதீர்கள்.

''தெரியாத எடத்துலதான் போட்டிருக்கோம்!'' என்று சொல்லிவிட்டு, அதே பழைய ரெட் ஆக்ஸைடு தரையில் உட்காரவைத்துக் காபி கொடுங்கள்.