ஹெட்போனில் இரைச்சல்: குற்றவாளி சவுண்ட் கார்டுதானா?

மேசைக் கணினியின் முன்பக்க ஜாக்கில் ஹெட்போனைச் செருகுங்கள். பாட்டு எதையும் ஓடவிடாமல் ஒலியளவை மட்டும் ஏற்றிவிட்டு மவுஸை நகர்த்திப் பாருங்கள். பல கணினிகளில் மவுஸ் நகரும்போதெல்லாம் மெல்லிய ‘கிர்ர்’ சத்தம் காதில் விழும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு ஒன்றை ஓடவிட்டால் அதுவே ரீங்காரமாகிவிடும்.

‘சவுண்ட் கார்டு மட்டம், மாற்றிவிட வேண்டியதுதான்’ என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அவசரம் வேண்டாம். அதே ஹெட்போனைப் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் பச்சை ஜாக்கில் செருகுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு சிப்பில் இல்லை, ஒயரில். முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயர் கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன், பவர் சப்ளை என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வளைந்து வளைந்து போகிறது. அதற்குச் சரியான உலோக உறை இல்லாவிட்டால் வழியில் இருக்கும் மின் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வந்து காதில் சேர்க்கும். லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று கேட்டால், அது பெரும்பாலும் எர்த்திங் அல்லது சார்ஜர் விவகாரம். புது சவுண்ட் கார்டு வாங்கியும் அது போகாமல் இருக்கலாம்.

ஒரு காலத்தில் சவுண்ட் கார்டு இல்லாமல் கதியே இல்லை. 1980களின் ஐ.பி.எம். வகைக் கணினிகளுக்கு ‘பீப்’ என்று கத்துவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. 1987இல் ஆட்லிப் கார்டு வந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டைக் கொண்டுவந்து உலகச் சந்தையையே பிடித்தது. அந்த நிறுவனத்தை 1981இல் தொடங்கியவர் சிம் வோங் ஹூ. ஆனால் இன்டெல் 1997இல் ‘ஏசி 97’, 2004இல் ‘எச்.டி. ஆடியோ’ என்று அடுத்தடுத்துத் தரநிலைகளை வகுத்ததும் ஒலிச் சிப் மதர்போர்டிலேயே குடியேறிவிட்டது. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோ, விளையாட்டுகள் சவுண்ட் கார்டின் வன்பொருளை நேரடியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த வழியை அடைத்தது. தனிக் கார்டு வாங்குவதற்கு இருந்த பெரிய காரணம் அன்றோடு போயிற்று.

இன்றைய நிலவரம் புரிய, ஹெட்போனுக்குப் பின்னால் நடக்கும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோப்பில் எண்களாக இருக்கும் பாட்டை மின்அலையாக மாற்றுவது ஒன்று. அதைச் செய்யும் சிப்பை ‘டாக்’ என்பார்கள். அந்த அலைக்குத் தெம்பு கொடுத்து ஹெட்போனை இயக்குவது இன்னொன்று. அது ஆம்ப்ளிஃபயரின் பொறுப்பு.

முதல் வேலை பெரும்பாலும் தீர்ந்துபோன சங்கதி. 16 பிட் சி.டி.யில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி. நல்ல மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏ.எல்.சி. 1220 சிப்புக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு 120 டெசிபல். போர்டில் பொருத்தியபின் அது குறையும் என்றாலும், நடுத்தர விலை ஹெட்போனோடு கேட்பவருக்கு அங்கே குறை தென்படுவது அரிது.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது வேலையில். சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை 300 ஓம்; 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி தரும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் வோல்ட்டேஜ் இரட்டிப்பாக வேண்டும். இசைக்குழு மொத்தமும் ஒருசேர எழும் இடத்தை அதற்குரிய வீச்சோடு கேட்க 3, 4 வோல்ட்கூடத் தேவைப்படலாம். அவ்வளவுக்குச் சாதாரண லேப்டாப் எங்கே போகும்? ஒலியளவை நூற்றுக்கு நூறு வைத்தும் பாட்டு சோகையாகக் கேட்டால், ஆம்ப்புக்குச் செலவழிப்பது நியாயம்.

காதுக்குள் செருகும் இயர்போன்களில் சிக்கல் வேறு. அவற்றுக்குத் தெம்பு அதிகம் வேண்டாம். ஆனால் ஜாக்கின் உள்தடை குறைவாக இருக்க வேண்டும். ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. 32 ஓம் என்றால் 4 ஓம். சில மதர்போர்டுகளில் அது பத்துக்கணக்கான ஓம்களாக இருக்கிறது. அப்போது பேஸும் உச்சஸ்தாயியும் பாட்டைப் பதிவுசெய்தவர் வைத்த அளவில் வராமல் இடம் மாறும்.

இந்தக் கணக்குகளைச் சாதாரண ரசிகர்களிடம் கொண்டுசேர்த்ததில் பெயர் தெரியாத ஒரு பொறியாளருக்குப் பெரும் பங்கு உண்டு. ‘என்.டபிள்யூ.ஏ.வி. கை’ என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதிய அவர், விலை உயர்ந்த கருவிகளை அளவெடுத்து அவற்றின் குறைகளை வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் ‘ஓ2’ என்ற ஹெட்போன் ஆம்ப்பைத் தாமே வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று வரைபடத்தை வெளியிட்டார். ஒரு பைசா கேட்கவில்லை. பல சிறு நிறுவனங்கள் அதைச் செய்து விற்றன. 2012இல் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரென்று வெளியுலகுக்கு இன்றுவரை தெரியாது. விலையை நம்பாதே, அளவை நம்பு என்ற பழக்கம் இந்தத் துறையில் வேரூன்ற அவர் செய்த உதவி மிகப் பெரியது.

கேபினெட்டுக்குள் பொருத்தும் கார்டுகளிலும் நல்லவை உண்டு. 2009இல் வந்த ஆசுஸ் சோனார் எசன்ஸ் எஸ்.டி.எக்ஸ்., தனி ஹெட்போன் ஆம்ப்புடனே வந்தது. இருந்தாலும் இன்று வாங்குபவருக்கு யு.எஸ்.பி.யில் செருகும் வெளிக்கருவியே மேல். கேபினெட்டின் இரைச்சலுக்கு வெளியே இருக்கும், லேப்டாப்புக்கும் உதவும். ஆப்பிளின் யு.எஸ்.பி. சி - ஹெட்போன் ஜாக் அடாப்டர் அமெரிக்காவில் 9 டாலர்தான். சுமார் 1 வோல்ட் தரும் அந்தத் துண்டு ஒயர், சாதாரண இயர்போன்களுக்குத் தாராளமாகப் போதும்.

முதலில் பணம் போக வேண்டிய இடம் ஹெட்போன்தான். மலிவான ஹெட்போனை வைத்துக்கொண்டு பல ஆயிரம் ரூபாய்க்கு ஆம்ப் வாங்கினால் அந்த ஹெட்போனின் குறைதான் உரக்கக் கேட்கும். செலவுக்கு முன் விண்டோஸின் ஒலி அமைப்புக்குள் போய், ஒலியை ‘மெருகூட்டும்’ வசதிகள் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம். புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவருக்குச் சவுண்ட் கார்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. அவருடைய டாக், ஆம்ப் இரண்டும் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன.

புது ஆம்ப் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 300 ஓம் ஹெட்போனை இயக்கும் கருவியில் சின்ன இயர்போனைச் செருகினால் காதே பழுதாகும் அளவுக்குச் சத்தம் வரலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஆம்ப்பில் ‘கெயின்’ சுவிட்ச் இருந்தால் அதைக் குறைவில் வைத்து, ஒலியளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பாட்டை ஓடவிட்ட பிறகே இயர்போனைக் காதில் வைக்க வேண்டும்.