கறிவேப்பிலைத் தொட்டியும் பூச்சி மருந்தும்

தில்லியில் நம்மவர் வீடு எது என்பதை பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியே சொல்லிவிடும். "மாமி, இரண்டு இணுக்கு கிடைக்குமா?" என்று கேட்டு வருபவர்களும் உண்டு. ஆகவே அந்தச் செடிக்கு நாம் அடிக்கும் மருந்து நம் வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஒருவர் கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இச்செடியின் மீது அடிப்பதைப் பார்த்துத் தடுத்தேன். அது சமையலறை மூலைக்கு உரியது, உண்ணும் இலைக்கு அல்ல. ரோஜாவுக்கு வாங்கிய இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளும் வேண்டாம். அவை இலைக்குள்ளேயே ஊடுருவிவிடுவதால், எத்தனை முறை கழுவினாலும் போகாது.

முதலில் செடியைக் கவனியுங்கள். டிசம்பர், ஜனவரியில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் குளிரே காரணம், மருந்து தேவையில்லை. பறவை எச்சம் போலத் தோன்றிப் பிறகு பச்சையாக மாறும் புழுவைக் கையாலேயே எடுத்துவிடலாம். கொழுந்தில் ஒட்டும் சிறு பூச்சிகளைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டலாம்.

அதற்கும் போகாவிட்டால் நான் செய்வது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி சோப்புக் கரைசலுடன் 5 மி.லி. வேப்பெண்ணெய் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிப்பேன். வெயிலில் வேம்பின் வீரியம் குறைந்துவிடும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பார்ப்பது நல்லது. பறித்த இலையை நன்கு கழுவியே தாளிக்க வேண்டும்.

கடை மருந்து வாங்கியே தீர வேண்டுமானால், நீங்கள் வளர்க்கும் செடியின் பெயர் லேபிளில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் வாங்காதீர்கள். சாய்சதுர முத்திரையில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சையும் நஞ்சே. தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதில் இருக்கும். அதுவரை அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாகாது.

காலி டப்பாவை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து கலந்திருந்தது. காய்கறிகளுக்கு அதைப் பயன்படுத்த 2005-லேயே தடை விதிக்கப்பட்டிருந்தது!

இரண்டு இலையைப் புழு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். மீதியை நம் குழந்தைகள் அச்சமின்றி உண்ணலாம் அல்லவா?