கோட்டையில் வரும் மசோதாவும் கிணற்றில் ஊறும் தண்ணீரும்

ஆற்காடு கிச்சிலி சம்பாவை அறியாத விவசாயி வட ஆற்காட்டுப் பகுதியில் இருக்க முடியாது. அந்த நெல் விளைந்த பாலாற்றுப் படுகையில் ஆறு ஆண்டு முழுவதும் ஓடியதில்லை. ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீரே இரு கரையிலும் உள்ள கிணறுகளுக்கு உயிராக இருந்தது. அந்த ஊற்றில் உப்பு ஏறியபோது முதலில் நெல்லும், பிறகு தென்னையும் பாதிக்கப்பட்டன. சில ஊர்களில் கிணற்று நீர் மாட்டுக்கும் ஆகாமல் போயிற்று.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே தொழிலே வேண்டாம் என்பது இங்கே பேச்சல்ல. கழிவு நீர் எங்கே போகவேண்டும், எந்த அளவுக்குச் சுத்தமாகிப் போகவேண்டும் என்பதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்வது சட்டம். அந்தச் சட்டம் எப்போது வருகிறது, எப்படி மாறுகிறது என்பதைக் கவனிப்பதும் இன்று விவசாய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

உப்பு எங்கிருந்து வருகிறது?

பச்சைத் தோல் கெட்டுப் போகாமலிருக்க உப்பைத் தடவி வைக்கிறார்கள். டேனரியில் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு முழுவதும் கழிவு நீரில் இறங்குகிறது. முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட இடத்தில் பிற்பாடு குரோமிய உப்புகள் வந்தன. ஒரு கிலோ தோல் தயாராக ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டுள்ளது.

சாதாரணச் சுத்திகரிப்பில் அழுகும் பொருளும் கசடும் நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. எனவேதான் உப்பைத் தனியே பிரித்து நீரைத் திரும்பவும் ஆலைக்கே பயன்படுத்தும் முறை பிற்பாடு கட்டாயமாக்கப்பட்டது.

சட்டம் வந்த கதை

தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தை பார்லிமெண்ட் 1974-ல் இயற்றியது. தண்ணீர் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். ஆகவே அரசியல் சட்டத்தின் 252-வது பிரிவின்படி, மாநிலச் சட்டசபை தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அச்சட்டம் அந்த மாநிலத்தில் செல்லும். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில்தான். டில்லியில் சட்டம் பிறந்து சென்னையில் வாரியம் அமைய எட்டு ஆண்டு ஆயிற்று. அந்த எட்டு ஆண்டிலும் கழிவு நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

1989 மார்ச் 30-ம் தேதி 213-ம் எண் அரசாணை வந்தது. குறிப்பிட்ட ஆறுகள், நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் ஆலைகளைப் புதிதாக அமைக்கக் கூடாது என்றது அது. பாலாறு உள்ளிட்ட சில ஆறுகளுக்கு 1998-ல் 127-ம் எண் அரசாணை இந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது.

இதற்கிடையில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் கூறப்பட்டது. தோல் தொழிற் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேலூர் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மண்ணையும் தண்ணீரையும் சோதித்து எழுதிவைத்த கணக்கு, வழக்கில் சாட்சியாக நின்றது என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

அத்தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், 2001-ல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டு, சுமார் 26 கோடியே 82 லட்ச ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. ஆளுக்குப் பங்கிட்டால் சராசரி பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதுவும் 1998 டிசம்பர் வரை ஏற்பட்ட நஷ்டத்துக்கே.

அதன்பின் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாக்கியுள்ள இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். நிலமும் நீரும் பழைய நிலைக்குத் திரும்பும்வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில், பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெறும் குழு அமைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

அரசாணை வேறு, சட்டம் வேறு

இங்கே விவசாயிகள் ஒரு வித்தியாசத்தை அறிய வேண்டும். பாலாற்றுக்கு ஐந்து கிலோமீட்டர் காப்பு அளித்தது அரசாணை. அரசாணையை மாற்ற சட்டசபைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஒரு கையெழுத்தில் வந்தது, இன்னொரு கையெழுத்தில் போகலாம். சட்டத்தை மாற்றவோ நீக்கவோ வேண்டுமானால் சட்டசபையில் மசோதா வந்தாக வேண்டும். நான்கு பேர் கேள்வி கேட்க இடமுண்டு.

காவிரி டெல்டா விவசாயிகள் போராடிப் பெற்றது சட்டம். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டு மசோதா 2020 பிப்ரவரி 20 அன்று பேரவையில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாகத் தொடங்கக் கூடாத தொழில்களின் பட்டியல் அதில் இருக்கிறது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளோடு தோல் பதனிடும் ஆலையும் அப்பட்டியலில் உண்டு. பாலாற்றங்கரை பட்ட பாட்டுக்குப் பலன் காவிரிக் கரைக்குக் கிடைத்தது எனலாம். ஆனால் பாலாற்றுப் படுகை அந்த மண்டலத்தில் சேர்க்கப்படவில்லை.

சட்டம் இருந்தாலும் போதாது. நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கென்று 2003-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 2013-ல் அது நீக்கப்பட்டது. வந்ததும் போனதும் பல கிராமங்களுக்குத் தெரியாது.

மசோதா போகும் பாதை

ஒரு மசோதா விதை முளைத்துக் கதிராவது போலப் படிப்படியாகத்தான் சட்டமாகிறது.

முதலில் அறிவிப்பு. முதலமைச்சர் பேச்சிலோ, ஆளுநர் உரையிலோ, நிதிநிலை அறிக்கையிலோ, மானியக் கோரிக்கையின்போது துறை அமைச்சர் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பிலோ இது வரும். கொள்கைக் குறிப்பு தமிழிலேயே அச்சாகிறது.

இரண்டாவது, பேரவையில் அறிமுகம். மசோதாவின் வாசகமும், அது எதற்காக என்று கூறும் நோக்க காரண விளக்கமும் தமிழ்நாடு அரசிதழின் நான்காம் பகுதி முதல் பிரிவில் வெளியாகும். மூன்றாவது, விவாதமும் வாக்கெடுப்பும். நான்காவது, ஆளுநரின் ஒப்புதல்; சில மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அதன்பின் அதே நான்காம் பகுதியின் இரண்டாம் பிரிவில் சட்டமாக வெளியாகும். ஐந்தாவது, எந்தத் தேதியிலிருந்து அமுல் என்ற அறிவிப்பு. ஆறாவது, விதிகள்.

இதில் இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் இடையே அவகாசம் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. டெல்டா மசோதா அறிமுகமான நாளிலேயே நிறைவேறிற்று. 2023 ஏப்ரல் 21-ல், கூட்டத்தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா விரிவான விவாதமின்றி நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்துக்கான நிலத்தின் நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அதை என்ன செய்வது என்பது பற்றிய சட்டம் அது. ஏரிப் பாசன விவசாயி முதலில் படித்திருக்க வேண்டியது. படிக்க நேரம் கிடைக்கவில்லை. ஆகவே முதல் படியான அறிவிப்பிலேயே விழித்துக்கொள்வது நல்லது.

சட்டசபை கலைந்தால் பேரவையில் நிறைவேறாமல் நிற்கும் மசோதாக்கள் காலாவதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். அவை வேண்டுமானால் புதிய சபையில் மறுபடி கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தை மத்திய அரசு 2024-ல் திருத்தியது. பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை போய், பத்தாயிரம் முதல் பதினைந்து லட்ச ரூபாய் வரை அபராதம் வந்தது. இத்திருத்தம் தொடக்கத்தில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு வந்தது. மற்ற மாநிலங்களில் செல்ல அந்தந்தச் சட்டசபை தீர்மானம் போடவேண்டும். இத்தகைய தீர்மானம் சில வரிகளில் முடிந்துவிடும். அதன் விளைவு பாலாற்றுக் கிணறு ஒவ்வொன்றையும் தொடும்.

எண்கள் இருக்கும் இடம்

சட்டத்தின் பெயரைவிட விதியிலும் வாரிய இசைவாணையிலும் இருக்கும் எண் விவசாயிக்கு முக்கியம். ஆலை வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வாரியம் வகுத்த அளவு. பாசன நீரை மின்கடத்தும் திறனால் அளக்கிறோம். ஒரு டெசிசைமன் என்பது சுமார் 640 மில்லிகிராம் உப்பு. எனவே 2,100 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 3.3 டெசிசைமன். பாசனத்தில் 0.75 வரை கவலை குறைவு, 2.25-க்கு மேல் போனால் மிகுந்த உப்பு நீர். அதாவது ஆலை சட்ட அளவுக்குள் விட்ட தண்ணீரும் வயலுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. இந்த எண்ணை மாற்ற மசோதா தேவையில்லை. அதனால் மசோதாவோடு விதிகளையும் அரசாணைகளையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

கிராமத்தில் செய்யக்கூடியவை

ஒவ்வொரு விவசாயியும் கெஜட் படிக்க முடியாது. ஊருக்கு இருவர் போதும். படித்த பிள்ளை ஒருவர், பழைய சங்கதி தெரிந்த பெரியவர் ஒருவர். அரசிதழும் மசோதாக்களும் கொள்கைக் குறிப்புகளும் இப்போது அரசு இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சட்டசபை கூடும் நாட்களில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளலாம்: மசோதாவின் பெயரும் எண்ணும், அறிமுகமான தேதி, நிறைவேறிய தேதி, அரசிதழில் சட்டமாக வந்த தேதி, விதி வந்த தேதி. எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதைப் பற்றித் தொகுதி எம்.எல்.ஏ.விடம் எழுத்தில் கேட்க வேண்டும். அவர் அதைப் பேரவையில் கேள்வியாக எழுப்ப முடியும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறாவிட்டால் அதைத் தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்களின் மனுக்களைப் பரிசீலிக்க மனுக்கள் குழு இருக்கிறது. மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளும் கிராம சபையும் கைக்கு எட்டும் இடங்கள். மனுவுக்கு ஒப்புதல் சீட்டு வாங்காமல் வரக்கூடாது.

பக்கத்து ஆலையின் இசைவாணையில் என்ன நிபந்தனை உள்ளது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் மனுச் செய்து கேட்கலாம்.

கிணற்றுக்கும் ஒரு கணக்கு

மேற்கண்ட எல்லாவற்றுக்கும் அடிப்படை, தன் கிணற்றைப் பற்றித் தன்னிடம் உள்ள கணக்கு. மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் தண்ணீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பம்ப்செட்டைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி மூட வேண்டும். கிணற்றின் சர்வே எண், தேதி, ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். குரோமியம் சாதாரணப் பாசன நீர்ப் பரிசோதனையில் வராது. அதைத் தனியே கேட்டுச் செய்ய வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

முடிவு வந்ததும் சிட்டா, அடங்கலோடு ஒரே கோப்பில் வைக்க வேண்டும். உப்பேறிய நிலத்தில் திருச்சி 1 போன்ற உவர் தாங்கும் நெல் ரகத்தைப் போட்டாலும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதாலும், அதையும் செலவோடு குறித்துக்கொள்வது நல்லது. நஷ்டம் என்பது விளையாததில் மட்டும் இல்லை, விளைய வைக்கச் செய்த செலவிலும் இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, காரணம் முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்பதே கெடு. தேதி இல்லாத துன்பத்துக்குக் கெடு கணக்கிட முடியாது.

1998-க்குப் பிறகு ஏற்பட்ட நஷ்டத்தை யார் எந்தக் குழுவின் முன் எடுத்துச் சொன்னாலும், கேட்கப்படும் முதல் கேள்வி ஆதாரம் என்ன என்பதுதான். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. இரண்டு மழைக்கு இடையே எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரும், நாற்பது பக்க நோட்டும் செலவு அதிகம் வைக்காதவை. அடுத்த மழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.