சி டிரைவ் நிரம்பிவிட்டதா? டி டிரைவிலிருந்து இடம் எடுக்கலாம்

சி டிரைவில் சிவப்புக் கோடு. டி டிரைவில் பாதிக்கு மேல் காலி. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலரும் சந்திக்கும் பிரச்னை இது. மென்பொருள் துறையில் இருப்பதால், இதைச் சரிசெய்து தரும்படி உறவினர்கள் அடிக்கடி என்னை அழைப்பார்கள். டி டிரைவைச் சுருக்கி, சி டிரைவை விரிவாக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் விண்டோஸில் அதைச் செய்யப் போனால், "எக்ஸ்டென்ட் வால்யூம்" என்ற கட்டளை மங்கலாகவே நிற்கும். ஏன் என்று பார்ப்போம்.

என் அக்கா வீட்டு கம்ப்யூட்டரையே உதாரணமாகக் கொள்வோம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் கணக்கில் அது சுமார் 465 ஜிபி. இதில் சி 100 ஜிபி, டி 365 ஜிபி. டி டிரைவில் இருப்பவை குழந்தைகளின் பத்து வருட போட்டோக்கள்.

விண்டோஸ் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தி, மெனுவில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று கட்டங்கள் தெரியும். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க் வரிசையில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். சி எஸ்எஸ்டியிலும் டி தனி ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தால் இந்த வழி உதவாது. போட்டோ, வீடியோக்களை டி டிரைவுக்கு மாற்றுவதுதான் வழி.

இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறதா? டி டிரைவில் ரைட் கிளிக் செய்து "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுத்தால், காலியிடம் டி டிரைவின் வலப்புறத்தில், கடைசியில் உருவாகும். விண்டோஸோ, சி டிரைவின் வலப்புறத்தை ஒட்டியுள்ள காலியிடத்தை மட்டுமே அதனுடன் சேர்க்கும். உங்கள் வீட்டை ஒட்டிய மனையை வாங்கினால் சுவரை இடித்து வீட்டைப் பெரிதாக்கலாம். அடுத்த வீட்டுக்கும் அப்பால் உள்ள மனையை வாங்கி என்ன பயன்? கட்டளை மங்கலாக இருப்பதன் காரணம் இதுதான்.

எந்த வழியில் சென்றாலும் பேக்கப் முதலில். டி டிரைவில் உள்ள அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, சில பைல்களைத் திறந்து பாருங்கள். பிட்லாக்கர் போடப்பட்டிருந்தால் அதன் ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டி டிரைவில் புரோகிராம்கள் இன்ஸ்டால் ஆகியிருந்தால் அவற்றைப் பிறகு மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும்.

முதல் வழி: பேக்கப் எடுத்த பின் டி டிரைவில் ரைட் கிளிக் செய்து "டெலீட் வால்யூம்" கொடுக்கவும். அந்த இடம் "அன்அலகேட்டட்" என்று கறுப்புப் பட்டையுடன் தெரியும். பழைய கம்ப்யூட்டர்களில் பச்சைக் கட்டத்துக்குள் "ஃப்ரீ ஸ்பேஸ்" என்று வரலாம். அதில் வேறு டிரைவ் எதுவும் இல்லையென்றால் அதையும் டெலீட் செய்யவும். இப்போது சி டிரைவில் ரைட் கிளிக் செய்தால் "எக்ஸ்டென்ட் வால்யூம்" உயிர் பெற்றிருக்கும். 100 ஜிபி சேர்க்க 102400 என்று எம்பி கணக்கில் கொடுக்கவும். மீதி இடத்தில் "நியூ சிம்பிள் வால்யூம்" மூலம் மீண்டும் டி என்ற எழுத்தையே கொடுத்து, பைல்களைத் திரும்ப காப்பி செய்யவும்.

சிலவற்றில் சி, டி இரண்டுக்கும் நடுவே ரிகவரி பார்ட்டிஷன் இருக்கும். அப்போது டி டிரைவை அழித்தாலும் பயன் இல்லை. இதற்கு இரண்டாம் வழியே சரி.

இரண்டாம் வழி: 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஜிபார்ட்டட். இதை யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்ய வேண்டும். அதற்கு முன் ஷிப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கிளிக் செய்து விண்டோஸை முழுமையாக மூடவும். பிட்லாக்கரையும் முழுவதுமாக நீக்கியிருக்க வேண்டும். ஜிபார்ட்டட்டில் டி டிரைவின் இடது ஓரத்தை வலப்பக்கம் இழுத்துச் சுருக்கவும். நடுவே ரிகவரி பார்ட்டிஷன் இருந்தால் அதையும் வலப்பக்கம் நகர்த்தவும். பிறகு சி டிரைவின் வலது ஓரத்தை இழுத்து விரித்து, "அப்ளை" கொடுக்கவும்.

இதில் டி டிரைவில் உள்ள தகவல்கள் இடம்விட்டு இடம் நகர்த்தப்படுகின்றன. பல மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் மின்சாரம் போனால் மொத்த டிரைவும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதைத் தொடங்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் இணைப்பிலேயே இருக்கட்டும்.

அக்கா வீட்டில் ரிகவரி பார்ட்டிஷன் நடுவில் இல்லை, யுபிஎஸ்ஸும் இல்லை. எனவே முதல் வழியையே தேர்ந்தெடுத்தேன். இப்போது சி 200 ஜிபி, டி 265 ஜிபி. வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்கில் உள்ள பிரதியை அழித்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் பழுதாகும்போது கைகொடுக்கப் போவது அதுதான்.